பட்டியலில் இல்லாத நாடு

1

ஆண்டு முடியும் மழையில் கோலாலம்பூரில் எல்லாவற்றிலும் பூஞ்சை ஏறிவிடும். தோல் செருப்பு, இடுப்பு வார், சுவரில் மாட்டிய படத்தின் பின்பக்கம், எதுவும் தப்பாது. மகளின் அறை அலமாரியை வெகு நாள் கழித்துத் திறந்தேன். உள்ளே தொங்கிக்கொண்டிருந்த கறுப்புக் கம்பளி ஓவர்கோட்டின் தோள்களில் யாரோ திருநீற்றைத் தட்டிவிட்டதுபோல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

சலவைக் கடையை இங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருமே டோபி என்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து நடக்கிற தூரத்தில் பரமேஸ் அக்காவின் டோபிக் கடை இருக்கிறது. கோட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். வழியில் பூக்கடைக்காரர் மாலை கட்டுவதை நிறுத்திவிட்டு, "என்னா மேடம், கரடி புடிச்சிட்டீங்களா?" என்றார்.

பரமேஸ் அக்கா கோட்டைக் கையில் வாங்கியதும் ஒரு அடி பின்னால் போனார். "ஐயோ சாமி, என்னாம்மா இவ்ளோ வெய்ட்டு? உள்ளுக்கு ஆளு இருக்கா?"

"பூஞ்சை பிடிச்சிருச்சுக்கா. சுத்தம் பண்ணிக் குடுங்க."

"யாருக்கு? எந்த நாட்டுக்குப் போறீங்க?"

"யாரும் போகல. சும்மா அலமாரியில இருந்துச்சு."

"சும்மா இருக்கறதுக்கா டோபிக்கிப் போடறீங்க? எங்க வீட்ல, இதோ பக்கத்துல சாலாக் செலாத்தான்லேர்ந்து இங்க வர்றதுக்கே என் மவன் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பெரிய பிரயாணம் மாதிரி வர்றான் லா. நீங்க அலமாரிக்கே கோட்டு போட்டு வச்சிருக்கீங்க."

காலரைத் திருப்பிப் பார்த்தார். "இது என்னா எழுத்து? சீனமும் இல்ல, சயாமும் இல்ல."

"ரஷ்ய எழுத்து."

"ஆ, நீங்க ரஷ்யாவுல இருந்தவங்களா? அதான் பேரு அப்படி!"

பொத்தான்கள் நொறுங்கும் நிலையில் இருந்தன, உள்துணி கிழிந்திருந்தது. இரண்டையும் மாற்றினால்தான் கோட்டு நிற்கும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். யாருக்கு என்று அவர் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

2

என் பெயர் வாலன்டினா. சொந்த ஊர் திருச்சி. விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயரை எனக்கு வைத்தவர் அப்பா. இங்கே குடிநுழைவுத் துறைக் கவுன்ட்டரில் ஒவ்வொரு முறையும் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார், பிறகு என் முகத்தை, பிறகு நெற்றிப் பொட்டை, பிறகு மறுபடி பாஸ்போர்ட்டை. நான் தப்பும் தவறுமாக மலாயில் விளக்க ஆரம்பிப்பேன். மகள் பக்கத்திலிருந்து என் கையை மெல்ல அழுத்திவிட்டு, சரளமாக ஒரு வாக்கியத்தில் முடித்துவைப்பாள். அவள் என்ன சொன்னாள் என்று ஒரு நாள் கேட்டேன். "எங்க தாத்தாவுக்கு ராக்கெட் பிடிக்கும்னு சொன்னேன்" என்றாள்.

அப்பா திருச்சியில் ஒரு பொதுத்துறை ஆலையில் ஃபோர்மேனாக இருந்தார். நான் பிறப்பதற்கு முன் பயிற்சிக்காக சோவியத் நாட்டுக்கு அனுப்பப்பட்டு, ஒரு முழுக் குளிர்காலத்தை அங்கே கழித்துவிட்டு வந்தவர். திரும்பும்போது இந்தக் கோட்டைக் கொண்டுவந்தார், கொஞ்சம் ரஷ்ய மொழியும், பிறக்கப் போகிற பெண்ணுக்கு ஒரு பெயரும். அம்மா காபி கொடுத்தால் "ஸ்பசீபா" என்பார். "நன்றின்னு தமிழ்ல சொன்னா வாய் வலிக்குமா?" என்பாள் அம்மா. கடைசிவரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கோட்டு அப்பாவின் பீரோவில் பாச்சை உருண்டை வாசனையோடு தொங்கியது. அது அண்ணன் பாஸ்கருக்காக. பிளஸ் டூ முடித்ததும் அண்ணன் சோவியத் நாட்டின் கார்கிவ் நகரத்துக்குப் போய்ப் பொறியியல் படிக்க வேண்டும் என்பது வீட்டில் எப்போதோ முடிவான விஷயம். இடமும் கிடைத்தது. அப்பா சாயங்காலம் அண்ணனை உட்காரவைத்து ரஷ்ய எழுத்துகளை எழுதவைத்தார். சித்திரை வெயிலில் கோட்டை மாட்டிவிட்டு, தோள் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அண்ணன் வேர்த்து வழிந்தபடி அசையாமல் நிற்பான்.

அந்த வருடம்தான் அந்த நாடு இல்லாமல் போனது.

தொலைக்காட்சிச் செய்தியை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஒரு நாடு எப்படிம்மா மூடும்?" என்று நான் கேட்டேன். "நாடு என்ன மளிகைக்கடையா, பூட்டிட்டுப் போறதுக்கு?" என்று அம்மா அதட்டினாள். மறுநாள் அப்பா கோட்டை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். காபிக்கு ஸ்பசீபா சொல்வதை மட்டும் விடவில்லை. அண்ணன் போகவேண்டியிருந்த ஊரின் பெயர் சில வருடங்களாக மறுபடி செய்தியில் அடிபடுகிறது. குண்டு விழுகிற இடமாக.

அண்ணன் திருச்சியிலேயே படித்து, மேற்படிப்புக்கு அமெரிக்கா போனான். வேறு கோட்டு வாங்க வழியில்லாததால் இதையே எடுத்துக்கொண்டு போனான். முதல் குளிர்காலம் முழுவதும் சோவியத் கோட்டில் அமெரிக்கத் தெருவில் நடந்ததை இன்றுவரை சிரித்துக்கொண்டே சொல்வான். கூடப் படித்தவர்கள் அவனைக் காம்ரேட் என்று கூப்பிட்டார்களாம். அப்பாவுக்கு அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கோட்டு குளிரைத் தாங்குகிறதா என்று மட்டும் கேட்டார்.

3

என் மகள் ஆதிரை. அவளுக்குத் திருச்சியில் காதுகுத்து நடந்தபோது தாய்மாமன் மடியில் உட்காரவைக்க அண்ணன் நியூ ஜெர்சியிலிருந்து வந்தான். ஊசியைக் கண்டு அவள் அலறிய அலறலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. தோடு, பட்டுப்பாவாடை, பழத்தட்டு எல்லாம் வைத்து முடித்தபின் அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "இதெல்லாம் சும்மா. என் நிஜமான சீர் வேற. இவ காலேஜுக்குக் கிளம்பற அன்னிக்கு ஏர்போர்ட்டுல நான் நிப்பேன். என் வீட்டுல இவளுக்கு ஒரு ரூம் இருக்கும்."

பெரியவர்கள் கைதட்டினார்கள். நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பாவின் முகத்தில் இருந்தது சந்தோஷமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஆனால் எனக்கு அன்றே எல்லாம் முடிவாகிவிட்டது.

அவளுக்கு ஐந்து வயதானபோது என் கணவருக்கு ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர் வேலை கிடைத்து இங்கே வந்தோம். சில வருடம் இருந்துவிட்டுத் திரும்புவோம் என்றுதான் வந்தோம். இப்படிச் சொல்லாத வெளிநாட்டுக்காரர் யாரும் இல்லை. எனக்கும் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தினமும் காலையில் ஊரே கோலாலம்பூருக்கு வரும்போது நான் கொமுட்டர் ரயிலில் எதிர்த்திசையில் துறைமுகம் பக்கம் போகிறேன். உட்கார இடம் கிடைக்கும். அது ஒன்றுதான் சுகம்.

கப்பலில் போகும் சரக்குக்கான ஆவணங்களைத் தயார் செய்வது என் வேலை. அதில் முக்கியமானது ஒரு பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்று சொல்வது. அதை வைத்துத்தான் வரி. ஒரு பொருள் கடைசியாக எங்கே உண்மையிலேயே உருமாறியதோ அதுதான் அதன் பிறந்த நாடு. மரம் நாற்காலியானால் உருமாற்றம். நாற்காலிக்குப் புதுப் பெட்டி போட்டால் இல்லை. அமெரிக்கா ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வரி போடத் தொடங்கியதும் எனக்கு வரும் தொலைபேசிகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டன.

"மேடம், சாமான் சீனாவுலேர்ந்து வந்திச்சி. ஆனா ஸ்க்ரூ எல்லாம் இங்கதான் போட்டோம். பெட்டி நம்ம பெட்டி. மலேசியான்னு போட்டுருங்க லா."

"ஸ்க்ரூ போட்டா நாடு மாறாது பாஸ்."

"கொஞ்சம்கூட மாறாதா?"

"கொஞ்சம்கூட மாறாது."

அலுவலகத்தில் எனக்கு ஸ்க்ரூ மேடம் என்று பெயர்.

முன்பெல்லாம் எல்லோரும் டாலரில் விலை சொல்வார்கள். இப்போது யுவானில் சொல்லலாமா, ரிங்கிட்டில் முடித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கப்பல் இங்கிருந்து கிளம்பும்போது ஒரு வரி இருக்கும். நடுக்கடலில் இருக்கும்போது அது மாறிவிடும். கப்பலைத் திருப்பவும் முடியாது, சரக்கைக் கடலில் கொட்டவும் முடியாது. வாடிக்கையாளர்கள் என்னிடம் கத்துவார்கள். நான் என்ன செய்ய முடியும்? வல்லரசுகள் சரிவதைப் பற்றி இப்போது யார் யாரோ காணொளியில் வரைபடம் போட்டு, அம்புக்குறி வரைந்து விளக்குகிறார்கள். ரயிலில் நானும் பார்ப்பேன். எங்கள் வீட்டில் அது இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் அம்புக்குறி எதுவும் கண்ணில் படவில்லை. முதல் முறை அப்பா கோட்டை மடித்துவைத்தார். இரண்டாவது முறை அண்ணன் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டான்.

4

ஆதிரைக்கு நியூ ஜெர்சியில் அண்ணன் வீட்டுக்கு அருகிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. விசா நேர்காணலுக்குத் தேதிதான் கிடைக்காமல் இருந்தது. நான் தினமும் காலையில் கணினியைத் திறந்து தேதி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன்.

அது மே மாதம். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு அங்கே சாயங்காலம்.

"வாலு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?" சின்ன வயதிலிருந்து அவனுக்கு நான் வாலுதான்.

"இல்லண்ணா. சொல்லு."

"குட்டிய இந்த வருஷம் அனுப்பாத."

நான் சிரித்தேன். "தேதிதானே? வந்துரும்ணா. நான் டெய்லி பாக்கறேன்."

"தேதி வந்தாலும் அனுப்பாத."

பிறகு அவன் பேசியது ஒழுங்கில்லாமல் வந்தது. அவன் எதையும் ஒழுங்காகச் சொல்கிறவன். அதுதான் முதலில் பயமுறுத்தியது. சாயங்காலம் நடக்கப் போனால்கூட இப்போது, யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட, அமெரிக்கப் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறானாம்.

"நீ சிட்டிசன்தானே அண்ணா?"

"ஆமா. அதான் சொல்றேன்."

அண்ணன் தொடர்ந்தான். "பக்கத்து வீட்டு ஆளு இருக்கான்ல, அவன் பையனுக்கு நான்தான் கணக்கு சொல்லிக் குடுத்தேன். போன வாரம் புல்லு வெட்டிக்கிட்டே கேக்கறான், ரிட்டயர் ஆனா நீங்க ஊருக்குத் திரும்பிருவீங்கள்லன்னு. கெட்ட எண்ணத்துல கேக்கல வாலு. கெட்ட எண்ணத்துல கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்."

"உனக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்புக்கு என்ன. நான் சீர் குடுக்கறேன்னு சபையில சொன்னவன். இப்ப வேணாம்னு நானே சொல்றேன். அதை முதல்ல உன்கிட்ட சொல்லிடலாம்னுதான்."

அன்று கிள்ளான் நிலையத்தில் இறங்க மறந்து, ரயில் துறைமுகத்தில் போய் நின்றபின்தான் எழுந்தேன். நடைமேடையில் உட்கார்ந்து எதிர் ரயிலுக்காகக் காத்திருந்தேன். தூரத்தில் பாரந்தூக்கிகள் கொள்கலன்களை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தன. நான் அழவில்லை. கொள்கலன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போதும் காலையில் தொலைபேசி அடித்தால் யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

எனக்கு அமெரிக்கா மேல் காதல் எதுவும் கிடையாது. இரண்டு வாரம் போய் வந்திருக்கிறேன், குளிரில் மூக்கு வெடித்தது, அவ்வளவுதான். ஆனால் பதினேழு வருடமாக அந்தத் திசையைப் பார்த்துத்தான் பிள்ளையை வளர்த்தேன். வீட்டில் அமெரிக்க எழுத்துக்கூட்டல்தான் எழுதவைத்தேன். தமிழ் வகுப்பைப் பாதியில் நிறுத்தி அந்த நேரத்தில் அங்கத்திய நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்பினேன். பல துருவ உலகம் என்று கட்டுரைகளில் எழுதுகிறார்கள், நல்ல செய்திபோல. ஒரே துருவம் இருந்தபோது குழந்தையை எந்தப் பக்கம் பார்த்து உட்காரவைப்பது என்றாவது தெரிந்திருந்தது.

5

அன்று மாலை ஆதிரையிடம் சொன்னோம். சாப்பாட்டு மேசையில் வாங்கிவந்த மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்து நான் துண்டைக்கூட எடுத்துவைத்திருந்தேன். அவள் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"ஓகே. அப்ப நானும் ஒண்ணு சொல்லணும். எனக்கு சியாமென்ல இடம் கிடைச்சிருக்கு. ஸ்காலர்ஷிப்போட."

சியாமென் தென்சீனக் கடற்கரையில் ஒரு ஊர். எனக்கு அது சரக்குக் கப்பல் நிற்கும் ஒரு துறைமுகத்தின் பெயர் மட்டும்தான். எப்போது விண்ணப்பித்தாள், எப்போது நேர்காணல் நடந்தது என்று எதுவும் எங்களுக்குத் தெரியாது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சீன மொழியில் பேசிக்கொண்டிருந்தது பள்ளிப் பரீட்சைக்காக என்று நினைத்திருந்தேன்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க மாமாகிட்ட கேப்பீங்க. மாமா சரின்னாதான் சரி. அதான் சொல்லல லா."

"என்கிட்ட இந்த ஊரு லா போடாத."

"சரிங்கம்மா லா."

என் கணவர் வழக்கமாக எங்கள் சண்டையில் தலையிடமாட்டார். அன்று தட்டைத் தள்ளிவைத்தார். "எல்லையில நம்ம ஆளுங்களும் அவங்களும் அடிச்சுக்கறாங்க. நம்ம பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு நீ அங்க போறியா? பேசாம கோயம்புத்தூர்ல படி. சித்தப்பா இருக்காரு. நம்ம நாடும் வளர்ந்துக்கிட்டுதானே இருக்கு?"

"அப்பா, கோயம்புத்தூர்ல என்னை மலேசியாப் பொண்ணும்பாங்க. இங்க இந்தியப் பொண்ணுங்கறாங்க. எல்லா ஃபாரத்துலயும் நான் இந்தியான்னுதான் எழுதறேன். எனக்கு இந்தியால எந்த பஸ் எங்க போகும்னுகூட தெரியாது."

"தெரிஞ்சுக்கலாம்."

"இங்க எனக்கு எல்லாம் தெரியும். ஆனா பதினெட்டு முடிஞ்சா என் விசா பாஸ் முடியுது. தெரிஞ்ச ஊர்ல இருக்க முடியாது. எப்படியும் வேற ஊருதான். அப்ப நான் தேர்ந்தெடுக்கறேனே."

அவளுடைய பாஸ் விஷயம் எங்கள் இருவருக்கும் தொண்டையில் மாட்டிய முள். அவள் பேசும் மலாயைக் கேட்டு அதிகாரிகள் பாராட்டுவார்கள். பாராட்டிவிட்டு, எங்களைச் சார்ந்தவள் என்ற முத்திரையைக் குத்தித் தருவார்கள். குற்றம் சொல்லவில்லை. சட்டம் அப்படி. நாங்கள் வந்ததே திரும்பிப் போவதற்காகத்தானே.

நான் கடைசியாக ஒன்று கேட்டேன். அது அவளிடம் கேட்கவேண்டியதே இல்லை. "தாத்தா ரஷ்யாவை நம்புனாரு. மாமா அமெரிக்காவை நம்புனாரு. நாளைக்கு இவங்களும் சரிஞ்சா என்னடி பண்ணுவ?"

"சரிஞ்சா சரியட்டும்மா. நான் படிக்கத்தானே போறேன், கல்யாணமா பண்ணிக்கப் போறேன்?"

என் கணவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னது சரி என்று தெரிந்ததும்தான் கோபம் வந்தது. ஒரு நாட்டை நம்பாமல் அங்கே போக முடியும் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அப்பா பெயர் வைக்கும் அளவுக்கு நம்பினார். அண்ணன் வீட்டு வாசலில் கொடி பறக்கவிடும் அளவுக்கு நம்பினான். இவள் எதையும் நம்பவில்லை. அது நல்லதா, அல்லது நான் எதையோ சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டேனா என்று இன்னும் தெரியவில்லை.

6

அவள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அண்ணன் வந்தான். தலை நிறைய நரைத்திருந்தது. ஒரு பெரிய பெட்டி முழுக்க ஒரே ஒரு பொருள். மேசைமேல் வைத்துத் திறந்தான். பாச்சை உருண்டை வாசனை வீடு முழுக்கப் பரவியது.

"பேஸ்மென்ட்ல வச்சிருந்தேன்" என்றான். "ரூம் குடுக்க முடியல. இதையாவது குடுக்கலாம்னு."

ஆதிரை கோட்டை மாட்டிக்கொண்டாள். கை விரல்கள் உள்ளே மறைந்தன, முழங்காலுக்குக் கீழே இறங்கியது. அண்ணன் தோள்களைப் பிடித்துப் பார்த்தான், அப்பா பார்த்ததுபோலவே. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மாமா, சாரி மாமா. சியாமென்ல நம்ம ஊரு மாதிரிதான் சூடு. தென்னை மரம் எல்லாம் இருக்கு. பனியே விழாது."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அவள் போகும் ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தவர்கள்தான் நாங்கள். துறைமுகம் பக்கம் வேலை பார்க்கிற எனக்கு அதன் வெப்பம்கூடத் தெரியும். ஆனாலும் நான் கம்பளிக் காலுறை வாங்கிவைத்திருந்தேன். எங்கள் வீட்டில் வல்லரசு என்றால் குளிர். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். வெயிலடிக்கிற வல்லரசு ஒன்று இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"காலுறையும் வேண்டாமா?" என்றேன்.

"அம்மா!" என்று அவள் சோபாவில் விழுந்து சிரித்தாள். கோட்டு அவளோடு சேர்ந்து சரிந்தது. பிறகு அண்ணனும் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

இரண்டு நாள் கழித்து பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, ரசத்தை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டான்: "இங்க ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைக்குமா வாலு? ரெண்டு ரூம் போதும். ரிட்டயர் ஆனப்புறம்."

மலேசியாவில் வேலை கிடைத்தது என்று நாங்கள் சொன்ன நாளில், "அமெரிக்கா வராம பாதி வழியிலேயே இறங்கிட்டீங்களே" என்று கேலி செய்தவன் அவன். அதைச் சொல்லிக்காட்ட வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிடைக்கும்ணா. ஆனா பாஸ் வாங்கணும்" என்றேன்.

"இங்கயும் பாஸா?"

"எல்லா இடத்துலயும் பாஸ்தான்."

கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்கு அவனும் வந்தான். சபையில் சொன்னபடி, அவள் கல்லூரிக்குக் கிளம்பும் அன்று ஏர்போர்ட்டில் நின்றான். வரவேற்கும் வாசலில் நிற்கவேண்டியவன், வழியனுப்பும் வாசலில் நின்றான். அவள் முதுகுப் பையோடு உள்ளே போனாள். ஒரு தடவை திரும்பிக் கையாட்டினாள். நான்கு மணி நேரத்துப் பயணம்தான். நான் திருச்சிக்குப் போகவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும். ஆனால் மனம் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை.

கோட்டைத் திரும்பக் கொண்டுபோக அண்ணனுக்கு மனமில்லை. "இங்கயே இருக்கட்டும்" என்றான். அவள் அலமாரியில் தொங்கவிட்டோம்.

7

நாம் பேசும் செயலி அங்கே ஓடாது என்பதால் வேறொன்றை ஏற்றிக்கொண்டேன். ஆதிரை ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பாள். தோழிகள் இருக்கிறார்கள் என்பாள். ஏதாவது வேண்டுமா என்று ஒவ்வொரு வாரமும் கேட்டேன். ஒன்றும் வேண்டாம். ஊறுகாய் அனுப்பட்டுமா? வேண்டாம். மிளகாய்த் தூள்? இங்க கேன்டீன்ல நம்மள விட ஜாஸ்தி காரம்மா. அவளுக்கு எதுவும் குறையில்லை என்பது நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். இணைப்பைத் துண்டித்தபின் அவள் அறைக்குள் போய் விசிறியைப் போட்டுவிட்டு வருவேன். காற்றோட்டத்துக்கு என்று சொல்லிக்கொள்வேன். அலமாரியைத் திறக்கத்தான் தோன்றவில்லை. அதற்குள் பூஞ்சை வந்துவிட்டது.

கோட்டை டோபியில் போட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டபோது மூக்கு சிவந்திருந்தது. இரண்டு ஸ்வெட்டரை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தாள்.

"அம்மா, இங்க பனி இல்ல. ஆனா குளிருது. தெற்குல யாரும் ஹீட்டர் வைக்க மாட்டாங்களாம். வெளிய விட கிளாஸுக்கு உள்ளதான் ஜாஸ்தி குளிருது. எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டேதான் பாடம் கேக்கறாங்க."

நான் கையால் வாயை மறைத்துக்கொண்டேன். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"சிரிக்காதீங்க" என்றாள். "மாமாவோட கோட்டு இருக்கா?"

"அங்க கடையில கிடைக்காதா?"

"கிடைக்கும். ஆனா அதான் வேணும்."

மறுநாள் காலையில் ரயிலுக்கு முன்னால் டோபிக் கடைக்குப் போனேன். கோட்டு புதுசுபோல் தொங்கியது. பூஞ்சையும் இல்லை, பாச்சை உருண்டை வாசனையும் இல்லை. உள்ளே கருநீலத்தில் புது உள்துணி, முன்னால் வரிசையாகப் பழுப்புப் பொத்தான்கள்.

"கறுப்புப் பொத்தான் தீந்து போச்சி" என்றார் பரமேஸ் அக்கா. "இது மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல வாங்கிட்டு வந்தது. நல்லாத்தான் இருக்கு. யாருக்குன்னு இப்பவாச்சும் சொல்லுவீங்களா?"

"மகளுக்குக்கா. சீனாவுல படிக்கறா. குளிருதாம்."

"சீனாவுக்கா? இந்தக் கோட்டு அங்க போயிட்டு எப்ப திரும்பி வரும்?"

"தெரியலக்கா."

"வரும்போது பொத்தான் கழண்டிருக்கும். என்கிட்டயே கொண்டாங்க."

அலுவலகத்தில் மதிய இடைவேளையில் பார்சலுக்கான விவரங்களை நானே நிரப்பினேன். பொருள்: பயன்படுத்திய கம்பளிக் கோட்டு. அடுத்தது, பிறந்த நாடு. கணினியில் நாடுகளின் பட்டியல் திறந்தது. காலர் துணியில் இருக்கும் சோவியத் நாட்டின் பெயரைத் தேடினேன். இல்லை என்று தெரிந்தேதான் தேடினேன். ஆங்கில U எழுத்து வரை கீழே இறக்கிக்கொண்டே போனேன். உகாண்டா இருந்தது, உக்ரைன் இருந்தது, உஸ்பெக்கிஸ்தான் இருந்தது. அது இல்லை. ரஷ்யா என்று போடலாமா? அப்பா இருந்திருந்தால் அதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அமெரிக்காவில் அதிக காலம் இருந்தது, ஆனால் ஒரு குளிர்காலம் போக மீதியெல்லாம் பெட்டிக்குள்தான் இருந்தது. இந்தியாவில் டிரங்கில் இருந்தது.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னா ஸ்க்ரூ மேடம், இவ்ளோ யோசனை?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

பொத்தான் போட்டால் நாடு மாறாது. உள்துணி போட்டாலும் மாறாது. யாராவது வாடிக்கையாளர் இதைக் கேட்டிருந்தால் கொஞ்சம்கூட மாறாது என்றுதான் சொல்லியிருப்பேன். நான் மலேசியாவைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டேன். ஐந்து வயதிலிருந்து இங்கே வளர்ந்தவளுக்கு எந்தப் படிவத்திலும் அதை எழுத முடியவில்லை. அவள் கோட்டுக்காவது எழுதினேன்.